முதலிடம் வாங்கிய மாவட்டங்களில் ஆசிரியர் இல்லாத பாடவேளை

2025 மே 8 அன்று பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தபோது மாநிலத்தில் முதலிடம் அரியலூருக்கு. தேர்ச்சி 98.82 சதவீதம், மாநில அளவில் அது 95.03. அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பிலும் அரியலூர்தான் முதல், 97.31. 2023 பத்தாம் வகுப்பில் முதலிடம் பக்கத்து மாவட்டமான பெரம்பலூருக்கு, 97.67. 2022 பிளஸ் டூவிலும் பெரம்பலூர்தான், 97.95. நான்கே ஆண்டுகளில் நான்கு முதலிடங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த இரு மாவட்டங்களும் எழுத்தறிவில் பின்வரிசையில் இருந்தவை. அப்போது மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் முந்திரியும் விளையும் ஊர்கள், சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்கள். தாயும் தகப்பனும் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த இடம் இது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இந்தச் சதவீதமே இப்போது ஒரு திரையாகவும் நிற்கிறது. முதலிடம் வாங்கும் மாவட்டத்தில் ஆசிரியர் போதவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குறை இருந்தால் தேர்ச்சி எப்படி வந்தது என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் தேர்ச்சியைக் கொண்டுவர எத்தனை பிரிவுகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள், எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் போனது, யார் மாலை ஆறு மணி வரை நின்று பாடம் எடுத்தார்கள் என்ற கணக்கு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

நிதி வெட்டு என்றதும் பட்ஜெட் உரையில் குறைந்த ஒரு தொகையைத் தேடுகிறோம். அங்கே அது கிடைக்காது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கான ஒதுக்கீடு 2023–24-ல் 40,299 கோடி, 2024–25-ல் 44,042 கோடி, 2025–26-ல் 46,767 கோடி. ஆண்டுக்கு ஆண்டு ஏறியே வந்திருக்கிறது. ஏறும் தொகையின் பெரும்பங்கு இருக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கே போகிறது. வெட்டு வேறு இரண்டு வழிகளில் பள்ளிக்குள் வருகிறது. ஒன்று டெல்லியிலிருந்து வராத பணம். மற்றொன்று யாரும் அறிவிக்காமலே காலியாக விடப்படும் பணியிடம்.

டெல்லிக் கதை ஊரறிந்தது. 2018-ல் அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒன்றிய அரசு சமக்ர சிக்‌ஷா என்ற ஒரே திட்டமாக்கியது. நூற்றுக்கு அறுபது ஒன்றிய அரசு, நாற்பது மாநில அரசு. 2024–25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி. அதில் ஒன்றியப் பங்கு 2,152 கோடி. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அதாவது தேசியக் கல்விக் கொள்கையை முழுவதும் ஏற்றுக்கொண்டால்தான் பணம் என்றது டெல்லி. மும்மொழித் திட்டத்தை ஏற்க முடியாது என்றது சென்னை. அந்த நிதியாண்டு முழுவதும் பணம் வரவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு வழக்குத் தொடுத்தது.

கல்விக் கொள்கையில் யார் சொல்வது சரி என்று விவாதிக்க வேறு மேடைகள் உண்டு. ஆனால் ஒரு கொள்கையை ஏற்க வைப்பதற்காக இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது எந்த நியாயத்திலும் சேராது. பி.எம். ஸ்ரீ வேறு, சமக்ர சிக்‌ஷா வேறு. நிறுத்தப்பட்ட அந்தப் பணத்தில்தான் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், வட்டார வளமைய ஆசிரியப் பயிற்றுநர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் சம்பளம் வாங்கினார்கள். பள்ளி மானியம் வந்தது. ஆசிரியர் பயிற்சி நடந்தது. மாநிலம் தன் கையிலிருந்து எடுத்துச் சமாளித்தது, அதற்காக அதைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் இரண்டாயிரம் கோடியை ஒரு பக்கம் நிரப்பினால் மறுபக்கம் எங்கோ குறைத்துத்தான் ஆக வேண்டும். முதலில் குறைவது, நிரப்பாமல் விட்டாலும் தெருவில் யாரும் கேட்காத ஒன்று. அதுதான் ஆசிரியர் பணியிடம்.

இரண்டாவது வழியின் வரலாறு நீளமானது, அதற்கு ஒன்றிய அரசை மட்டும் குறை சொல்ல முடியாது. கொரோனா ஆண்டான 2020 மே மாதம் அரசு ஊழியர் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. அடுத்த பிப்ரவரியில் 60 ஆனது. ஓய்வுக்காலப் பணப்பயனைத் தள்ளிப்போட அது உதவியது. புதியவர்கள் உள்ளே வரும் வாசலும் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. தள்ளிப்போட்டது ஒரு நாள் வந்தே தீரும். 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் மாதச் சம்பளம். தொகை பின்னால் உயர்ந்தது. அதற்கும் முன்னால், 2012-ல், ஓவியம், தையல், கணினி, உடற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். இன்னும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்; பலர் அலுத்துப்போய் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் நிரந்தரப் பணிக்கு 2023-ல் பட்டதாரி ஆசிரியர் தேர்வையும், 2025-ல் முதுகலை ஆசிரியருக்கு 1,996 இடங்களுக்கான தேர்வையும் அறிவித்தது. நல்லது. ஆனால் அறிவிப்பு, தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, வழக்கு, கலந்தாய்வு என்று எல்லாம் கடந்து ஓர் ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழைய ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஓடிவிடுகிறது. அதற்குள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்து வெளியே போய்விடும்.

இதில் வெளியே தெரியாத ஒன்று தலைமை ஆசிரியர் காலியிடம். பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டுமா என்ற வழக்குகளில் சிக்கிப் பதவி உயர்வுகள் தேங்கின. தலைமை ஆசிரியர் இல்லாத பள்ளியில் மூத்த பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பொறுப்பு ஏற்கிறார். அவர் கணித ஆசிரியராக இருந்தால் என்ன ஆகும்? அலுவலகக் கூட்டம், எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவு, இலவச மிதிவண்டிக் கணக்கு, நலத்திட்டப் பட்டியல் எல்லாம் அவர் தலையில். காகிதத்தில் கணித ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறது. வகுப்பில் கணிதம் நடக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் நெரிசல் எப்படி உருவாகிறது என்பதை இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைந்தால் இன்னொருவர் இரண்டு வகுப்பையும் எப்படியோ பார்த்துக்கொள்வார். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அது முடியாது. கிராமத்து உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர்தான் உண்டு. அங்கே ஓர் ஆசிரியர் போனால் ஒரு பாடமே போகிறது. தமிழாசிரியர் வேதியியல் எடுக்க முடியாது. சமூக அறிவியல் ஆசிரியர் முக்கோணவியல் நடத்தினால் அது பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் தண்டனை.

ஒரு பள்ளியில் ஒன்பதிலும் பத்திலும் இரண்டிரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 35 பேர் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அழகான எண்ணிக்கை. வாரம் ஏழு கணிதப் பாடவேளை என்றால் நான்கு பிரிவுக்கும் 28. இரண்டு கணித ஆசிரியர் இருந்த இடத்தில் ஒருவர் மாறுதலில் போய்விட்டார், மற்றவருக்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பும் இருக்கிறது. என்ன செய்வார்? அ பிரிவையும் ஆ பிரிவையும் சேர்த்து உட்கார வைப்பார். 35 ஒரே நாளில் 70 ஆகிவிடும். 40 பேருக்குப் போட்ட பெஞ்சுகளில் 70 பேர். 40 நிமிடப் பாடவேளையை 70-ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 34 விநாடி. வருகைப் பதிவுக்கும் கரும்பலகை துடைப்பதற்கும் ஆகும் நேரத்தைக் கழிக்காமல். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து 140 நோட்டு. ஒரு நோட்டைத் திருத்த மூன்று நிமிடம் என்றாலும் ஏழு மணி நேரம். அது ஒரு முழு வேலைநாள். அதனால் நோட்டில் சரிக்குறியும் தேதியும் கையெழுத்தும் விழும். எந்தப் படியில் பிள்ளை தவறினான் என்பது யார் கண்ணிலும் படாது.

இந்த 70 எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. பதிவேட்டில் அவை இன்னும் இரண்டு பிரிவுகள்தான். மாநிலச் சராசரி, மாவட்டச் சராசரி, பள்ளிச் சராசரி மூன்றுமே நன்றாக இருக்கும். ஒரு ஊரில் நூறு பிள்ளைக்குப் பத்து ஆசிரியர், அடுத்த ஊரின் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்பில் எழுபது பேர். இரண்டையும் கூட்டி வகுத்தால் அந்த எழுபது மறைந்துவிடும். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று அது சட்டமாகவே சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பு வாசலில் அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு அரசாணைகள்தான். 1997 டிசம்பரில் வந்த அரசாணை 525 நாற்பதுக்கு ஒருவர் என்ற அளவில் பணியிடம் நிர்ணயிக்கச் சொன்னது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுக்கு முந்தைய அளவுகோல் அது. அதிலும் எண்ணப்படுவது தலைகள்தான். பாடம் எண்ணப்படுவதில்லை.

நெரிசல் பறிப்பது வகுப்பறைப் பாடத்தை மட்டுமல்ல. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், ஆலத்தூர் வட்டத்தில், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. பக்கத்துக் காரையில் பூமி வெடித்துக் கிடக்கும் நிலத்தில் கடல் சிப்பிகளின் படிமங்கள். ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் கடலாக இருந்ததற்கான சான்றுகள் இவை. அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் அதற்கென அருங்காட்சியகமே உண்டு. உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் வந்து பார்க்கும் நிலம். அறிவியல் பாடத்தைப் புத்தகத்துக்கு வெளியே நடத்த இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் வேறு ஒன்று இருக்குமா? ஆனால் எழுபது பிள்ளைகளை ஓர் ஆசிரியர் தனியாகக் கூட்டிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. ஆய்வுக்கூடத்திலும் இதே நிலை. பிப்பெட்டையும் பியூரெட்டையும் ஆசிரியர் தூக்கிக் காட்டுகிறார். பின்வரிசைப் பிள்ளை எட்டிப் பார்க்கிறான். அவன் கையில் அது வருவதே இல்லை.

அப்படியானால் 98.82 எப்படி வருகிறது? ஆசிரியர்களின் உடம்பிலிருந்து வருகிறது என்பதே நேர்மையான பதில். காலை எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு, மாலை ஆறு வரை சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென ஒரு மதிப்பெண் வினாக்களின் கையேடு. விடுப்பு எடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போனில் பேசுவதும் வகுப்பாசிரியர்தான். இந்த உழைப்பு எல்லாம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்பிவிடப்படுகிறது. அதற்கு விலை கொடுப்பது ஒன்பதாம் வகுப்பு. பொதுத்தேர்வு இல்லாத வகுப்பின் பாடவேளையைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராத பிள்ளைகளுக்காக 2025-ல் அரசு திறன் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேவையான திட்டம். ஆனால் பின்தங்கிய பிள்ளைகளைப் பிரித்துத் தனியே உட்கார வைத்தால் அங்கே நிற்கவும் ஓர் ஆசிரியர் வேண்டும். அவரும் பாடத்துக்கு ஒருவராக இருக்கிற ஐந்து பேரில் ஒருவர்தான்.

ஒரே ஆசிரியரை வைத்து நிறைய பிள்ளைகளுக்குச் சிக்கனமாகப் பாடம் நடத்தும் யோசனைக்குச் சென்னையே ஒரு தாயகம். 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்தார். அதை முறைப்படுத்தி 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். சட்டாம்பிள்ளைகளை வைத்து ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கும் இந்தச் சென்னை முறை இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. செலவு குறைவு என்பதே அதன் ஈர்ப்பு. மனப்பாடத்துக்கு அது போதும், புரிதலுக்குப் போதாது என்று அந்த நாடே கண்டுகொண்டது. 1846-க்குப் பிறகு பயிற்சி பெற்ற ஆசிரியரை நோக்கித் திரும்பியது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த முறையை யாரும் பரிந்துரைக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வகுப்பின் அளவு முக்கியமே இல்லை, ஆசிரியரின் தரம்தான் முக்கியம் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டு, சுமார் 11,600 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பில் படித்தவர்கள் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். அது சிறு குழந்தைகளிடம் நடந்த சோதனை; அதை அப்படியே பத்தாம் வகுப்புக்குப் பொருத்த முடியாது. ஆனால் அவர்கள் வழக்கமான வகுப்பு என்று சொன்ன 25-ஐ, நம் ஊர்த் தலைமை ஆசிரியருக்குக் கொடுத்தால் வரம் என்று வாங்கிக்கொள்வார். 1996-ல் கலிபோர்னியா அவசரமாக வகுப்புகளைச் சிறிதாக்கப் போய், பயிற்சி இல்லாதவர்களை ஆசிரியர்களாக நிரப்பிச் சங்கடப்பட்டது. ஆளும் வேண்டும், அவர் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும், நிலைத்தும் இருக்க வேண்டும். சொற்பச் சம்பளத்துக்குப் பத்து மாதம் வந்து போகிறவரிடம் இந்த மூன்றையும் எதிர்பார்ப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

அரசுப் பள்ளிகளில் சேர்க்கை குறைகிறது, பல இடங்களில் உபரி ஆசிரியர் இருக்கிறார்கள், பணி நிரவல் செய்தால் போதும் என்பது துறையின் வழக்கமான பதில். உபரி இருப்பது பொய்யல்ல. ஆகஸ்ட் 1 அன்றைய எண்ணிக்கையை வைத்து ஆண்டுதோறும் கணக்கெடுத்து ஆட்களை நகர்த்துகிறார்கள். ஆனால் உபரியாக இருப்பவர் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து, காலியாக இருப்பது இயற்பியலாக இருந்தால் நிரவல் என்ன செய்யும்? சேர்க்கை குறைவதற்கும் ஒரு காரணம் இதுதான். கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளியில் பிள்ளையை விட எந்தத் தாய் விரும்புவாள்? நகையை வைத்தாவது தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைந்ததால் அடுத்த பணியிடம் போகிறது.

அரியலூரில் இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க இன்னொரு கதவு இருக்கிறது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் போகும் மாவட்டம் இது. 2015-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கக் குத்தகைதாரர்கள் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகைக்கு மேல் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகைகளுக்கு உரிமத்தொகையில் 30 சதவீதம், பின்னர் ஏலத்தில் வந்தவற்றுக்கு 10 சதவீதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே அந்தப் பணம். அதைச் செலவழிக்க ஒன்றிய அரசு வகுத்த நெறிமுறையில் கல்வி முன்னுரிமைத் துறை; கட்டடம், ஆய்வுக்கூடம் மட்டுமல்ல, ஆசிரியர்களை ஈடுபடுத்துவதற்கும் அதில் இடம் உண்டு. லாரிப் புழுதியை நாளெல்லாம் குடிக்கும் ஊர்களின் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் இல்லை என்றால், ஜூன் மாதமே அந்த நிதியிலிருந்து தகுதியான ஒருவரை நியாயமான சம்பளத்தில் அமர்த்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். நிரந்தர நியமனத்துக்கு இது மாற்று ஆகாது. ஆள் வந்து சேரும் வரை ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டு வீணாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சென்னையும் டெல்லியும் செய்ய வேண்டியவை தனி. ஒன்றிய அரசு சமக்ர சிக்‌ஷா நிலுவையை நிபந்தனையின்றித் தர வேண்டும். மாநில அரசு, ஓய்வுபெறுவோர் பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கும்போது அந்த இடங்களுக்கான தேர்வையும் முன்கூட்டியே நடத்தி, ஜூன் முதல் வாரத்தில் ஆசிரியரை வகுப்பில் நிறுத்த வேண்டும். சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு பள்ளியிலும் எந்தப் பாடம் காலி, எந்தெந்தப் பிரிவுகள் சேர்ந்து உட்காருகின்றன என்பதைத் தேர்ச்சிச் சதவீதத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டும். எமிஸில் இத்தனை விவரம் கேட்கும் துறைக்கு இதைக் கேட்பது பெரிய வேலை அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை அவர்கள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தேர்ச்சிச் சதவீதத்தைக் கேட்க வேண்டாம். கால அட்டவணையைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பின் கணிதப் பாடவேளையில் யார் நிற்கிறார், அறையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு படியும் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு படியும் அனுப்புங்கள்.